'எதிரி' என்று எழுதியது யார்? பாடநூலில் 1857

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தைக் கடந்து, 'ரிட்ஜ்' எனப்படும் பாறைமுகட்டுக் காட்டின் வழியே ஹிந்து ராவ் மருத்துவமனையை நோக்கிச் செல்லும் சாலையில் செம்மணற்கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஐரோப்பியத் தேவாலயம் ஒன்றின் கூம்பை மட்டும் பெயர்த்தெடுத்து வந்து காட்டுக்குள் நட்டுவைத்தது போன்ற தோற்றம். 1863-இல் ஆங்கிலேயர் இதை எழுப்பியபோது வைத்த பெயர் 'கலக நினைவுச் சின்னம்'. 1857-இல் தில்லியைத் திரும்பக் கைப்பற்ற நடந்த முற்றுகையில் தங்கள் தரப்பில் மாண்டோர், காயமுற்றோர், காணாமல் போனோரின் கணக்கை அதன் சுவர்களில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர் கணக்கு தனி, 'நேட்டிவ்' கணக்கு தனி. எதிர்த்துப் போரிட்டவர்களைக் கல்வெட்டு 'எதிரி' என்றே குறிப்பிடுகிறது.

சுதந்திர வெள்ளி விழாவையொட்டி 1972-இல் மத்திய அரசு அந்தச் சின்னத்துக்கு 'அஜித்கட்' என்று பெயர் மாற்றியது. பழைய கல்வெட்டுகளை அகற்றவில்லை. பக்கத்தில் புதிய பலகை ஒன்றைப் பதித்தது. இங்கே எதிரி எனக் குறிப்பிடப்படுவோர், அன்னிய ஆட்சிக்கு எதிராக எழுந்து தேச விடுதலைக்காகத் தீரத்துடன் போரிட்டவர்கள் என்பதே அப்பலகை சொல்லும் செய்தி.

தொகுதியிலிருந்து வருவோருக்கு நாடாளுமன்றத்தையும் இந்தியா கேட்டையும் குதுப் மினாரையும் சுற்றிக்காட்ட ஏற்பாடு செய்யும் நமது எம்.பி.க்கள் இந்த முகட்டுக்கு யாரையும் அனுப்பி இக்கட்டுரையாளர் கண்டதில்லை. ஆனால், ஏகாதிபத்தியம் பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டால், தலைநகரில் இதைவிடச் சிறந்த கரும்பலகை கிடையாது. ஒரே கட்டடத்தில் இரு கல்வெட்டுகள். ஒன்றை எழுதியவர்கள் வென்றவர்கள். மற்றொன்றை எழுதியவர்கள், தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வென்றவர்களின் வாரிசுகள். இரண்டுமே சொல்லாமல் விட்ட செய்தியும் ஒன்று அங்கேயே இருக்கிறது. தில்லியை முற்றுகையிட்ட படையில் பெரும் பகுதியினர் இந்தியர்களும் கூர்க்காக்களுமே. ஹிந்து ராவ் மாளிகையை மாதக்கணக்கில் காத்து நின்றவர்கள் சிர்மூர் படைப்பிரிவின் கூர்க்காக்கள். பஞ்சாபிலிருந்து சீக்கியர்களும் முஸ்லிம்களும் பட்டாணியரும் வந்திருந்தனர். 1863-இன் கல்வெட்டுக்கு அவர்கள் ஒரு எண்ணிக்கை. 1972-இன் பலகையில் அவர்களுக்கு இடமே இல்லை.

ஏன் அவர்கள் கம்பெனியின் பக்கம் நின்றனர்? 1849-இல் பஞ்சாபை வென்று கம்பெனியிடம் ஒப்படைத்ததில் அவத், பிகார் பகுதிகளைச் சேர்ந்த வங்காளப் படைச் சிப்பாய்களுக்குப் பங்கு உண்டு. எட்டே ஆண்டுகளில் அந்தச் சிப்பாய்கள் கம்பெனிக்கு எதிராகத் திரும்பியபோது, பஞ்சாப் கிராமங்களில் பழைய கணக்கைத் தீர்க்க நினைத்தவர்கள் இருந்தார்கள். கூலியும் கொள்ளையில் பங்கும் சிலரை இழுத்தன. இதைச் சொல்வதால் 1857-இன் பெருமை குறைந்துவிடாது. பேரரசு என்பது வெள்ளையர் துப்பாக்கியால் மட்டும் நடந்ததல்ல, அந்தத் துப்பாக்கியைப் பெரும்பாலும் தாங்கியது யாருடைய தோள் என்ற கேள்வி அப்போதுதான் மாணவனின் மனத்தில் எழும்.

கத்தரிக்காய் கிடைக்காத தலைநகர்

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு இடம்தரும் பாடநூல் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைத் தொடர்ந்து, பிளஸ் 2 மாணவர்களுக்கான இந்திய வரலாற்று நூலின் மூன்றாம் பகுதியை என்சிஇஆர்டி 2007-இல் வெளியிட்டது. பாடநூல் சர்ச்சை இரு ஆட்சிகளிலும் சூடாக இருந்த காலம் அது. 2002-இல் வந்த நூல்களைக் காவி என்றனர். பின்னர் வந்தவற்றைச் சிவப்பு என்றனர். இந்த வண்ணச் சண்டையில், அந்நூல் செய்த உண்மையான மாற்றத்தைப் பலரும் கவனிக்கவில்லை. முடிவை மட்டும் சொல்லாமல், அந்த முடிவுக்கு வரலாற்றாசிரியர்கள் எந்தெந்த ஆவணங்கள் வழியாக வந்தனர் என்பதை அது மாணவர்களிடம் எடுத்துவைத்தது.

1857 பற்றிய பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கிளர்ச்சியாளர்களின் அசம்கர் பிரகடனம் அதில் இருக்கிறது. ஜமீன்தார்கள், வணிகர்கள், அரசு ஊழியர்கள், கைவினைஞர்கள், பண்டிதர்கள், பக்கீர்கள் என ஒவ்வொரு பிரிவினரையும் தனித்தனியே விளித்து, கம்பெனி ஆட்சியில் அவரவருக்கு நேர்ந்த இழப்பை எடுத்துரைக்கும் ஆவணம் அது. சிப்பாய்க்குத் தோட்டாவின் கொழுப்பு என்றால், வணிகனுக்கு அவுரியிலும் துணியிலும் இருந்த ஏகபோகம். தாலுக்தாருக்குப் பறிபோன நிலம்.

அதே பாடத்தில், 'தில்லி உருது அக்பார்' என்ற ஏட்டின் 1857 ஜூன் மாதச் செய்தி ஒன்றும் இருக்கிறது. கிளர்ச்சியாளர்களின் கையில் தில்லி இருந்த நாள்கள் அவை. சந்தையில் பூசணியும் கத்தரிக்காயும் கிடைப்பதில்லை, தண்ணீர் சுமப்போர் வேலையை நிறுத்திவிட்டனர் என்று ஊர்வாசிகளின் அவதியை அந்த ஏடு எழுதுகிறது. இத்தனைக்கும் அது ஆங்கிலேயரின் ஏடல்ல. கிளர்ச்சியை ஆதரித்த ஏடு. அதன் ஆசிரியர் மௌல்வி முகமது பாக்கர், தில்லி வீழ்ந்ததும் ஆங்கிலேயரால் கொல்லப்பட்டார். தாம் ஆதரித்த ஆட்சியிலும் குடிமக்கள் பட்ட சிரமத்தை மறைக்காமல் எழுதிய அந்த ஆசிரியரை, செய்தித் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சற்றுக் கூடுதலாகவே நினைக்கத் தோன்றுகிறது.

பாடத்தின் பிற்பகுதி முழுவதும் படங்களைப் பற்றியது. ஜோசப் நோயல் பேட்டன் தீட்டிய 'நினைவாக' என்ற ஓவியத்தில், ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் ஓர் அறையில் ஒடுங்கிக் கிடக்கின்றனர். 1858-இல் லண்டனில் முதன்முதலில் காட்சிக்கு வந்தபோது, வாசலில் நுழைபவர்கள் சிப்பாய்கள். பார்வையாளர்கள் கொதித்தனர். ஓவியர் சிப்பாய்களை அழித்துவிட்டு, மீட்க வரும் ஸ்காட்லாந்துப் படைவீரர்களை வரைந்தார். அறையில் இருப்போரின் முகத்தில் மாற்றம் இல்லை. வாசலில் நிற்பவர்கள்தான் மாறிவிட்டனர். பேரரசு தன்னைப் பற்றித் தன் மக்களுக்கே எப்படிக் கதை சொல்லிக்கொண்டது என்பதற்கு இதைவிட எளிய சான்றை ஒரு 17 வயது மாணவனுக்குக் காட்டிவிட முடியாது.

ஆயிரம் பக்க அறிக்கை

நாடாளுமன்றச் செய்திகளை எழுதுவோருக்கு அந்நூலில் மிகவும் பிடிக்கக்கூடிய பகுதி, 'ஐந்தாவது அறிக்கை' பற்றியது. கம்பெனியின் இந்திய நிர்வாகம் குறித்து பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் தேர்வுக் குழு தயாரித்த அறிக்கை அது. மொத்தம் 1,002 பக்கங்கள். அவற்றில் 800-க்கும் மேற்பட்டவை பின்னிணைப்புகள். வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் நில வரி எப்படி விதிக்கப்பட்டது என்பதற்கு நெடுங்காலம் அதுவே வேதம். நிரந்தர நிலவரித் திட்டத்தால் பழைய ஜமீன்தார்கள் அடியோடு நொடித்துப்போயினர் என்ற கருத்து அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு ஆய்வாளர்கள் வங்காள ஜமீன் ஆவணங்களையும் மாவட்டப் பதிவேடுகளையும் புரட்டினர். 1797-இல் பர்த்வான் ராஜாவின் நிலங்கள் வரிபாக்கிக்காக ஏலத்துக்கு வந்தன. ஏலம் எடுக்கப் பெருங்கூட்டம். எடுத்தவர்கள் யாரென்று பார்த்தால், ராஜாவின் சொந்தப் பணியாளர்களும் முகவர்களும்! விற்பனையில் 95 சதவீதத்துக்கும் மேல் போலி. ராஜாவின் நிலம் ராஜாவிடமே இருந்தது.

அப்படியானால் நாடாளுமன்ற அறிக்கை ஏன் மிகைப்படுத்தியது? கம்பெனியின் வணிக ஏகபோகத்தை உடைக்கத் துடித்த பிரிட்டிஷ் வணிகர்களும் ஆலை முதலாளிகளும் அன்று நாடாளுமன்றத்தில் வலுவாகக் குரல்கொடுத்தனர். கம்பெனியின் நிர்வாகம் சீர்கெட்டது என்று காட்டுவது அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1813-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தில், தேயிலையும் சீன வணிகமும் நீங்கலாக அந்த ஏகபோகம் ஒழிக்கப்பட்டது. அவையில் தாக்கலாகும் அறிக்கை எதுவானாலும், யாருக்காக, எந்த மசோதாவுக்கு முன்னால் வருகிறது என்று பார்ப்பது மைய மண்டபத்தில் நிற்கும் எவருக்கும் பழகிப்போன வழக்கம். அந்த வழக்கத்தைப் பாடநூல் பள்ளி மாணவனுக்குச் சொல்லித் தருகிறது.

அதே பாடம் இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராஜ்மகால் மலைக்குச் செல்கிறது. மலையில் காட்டெரிப்பு வேளாண்மை செய்துவந்த பஹாடியா மக்களைக் கம்பெனி முதலில் வேட்டையாடியது. பின்னர் பணம் கொடுத்துப் பணிய வைக்கப் பார்த்தது. பலிக்காமல், சந்தால்களை அழைத்து வந்து அடிவாரத்தில் குடியேற்றியது. 1832-இல் அவர்களுக்கென எல்லை வகுத்து 'தாமின்-இ-கோ' அமைந்தது. சந்தால்களின் ஏர் முன்னேற, பஹாடியாக்களின் களைக்கொத்து மேட்டுப் பாறைகளுக்குப் பின்வாங்கியது. ஆனால், காட்டைத் திருத்திய சந்தால்களையும் வட்டிக்காரர்களும் வரியும் விழுங்கத் தொடங்கவே, 1855-இல் அவர்களே கம்பெனிக்கு எதிராக ஆயுதம் ஏந்தினர். பஹாடியாவின் பார்வையில் சந்தால் நிலத்தைப் பறித்தவன். சந்தாலின் பார்வையில் அவனே ஏமாற்றப்பட்டவன். இருவரையும் மோதவிட்டுப் பயன்பெற்றவன் மூன்றாமவன். 'பன்முகப் பார்வை' என்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான்.

வெள்ளையருக்கு நற்சான்றா?

பன்முகப் பார்வை என்றாலே சிலருக்கு ஐயம் எழுகிறது. கொள்ளையடித்தவனுக்கும் வாய்தா கொடுத்து, 'ரயில் விட்டான், தந்தி போட்டான்' என்று நற்சான்று வழங்குவதற்கான வழியா இது என்று கேட்கின்றனர். ஐயத்தில் நியாயம் இருக்கிறது. இரு தரப்புக்கும் சம மதிப்பெண் என்ற தராசு இங்கே பொருந்தாது. 1943-இல் வங்காளத்தில் பட்டினியால் மடிந்த லட்சக்கணக்கானோரின் எதிர்த் தட்டில் வைக்க எந்தத் தண்டவாளத்துக்கும் எடை போதாது.

ஆனால், ஆள்பவனின் ஆவணத்தைப் படிக்காமல் அவனைக் குற்றக்கூண்டில் ஏற்றுவது எப்படி? தாதாபாய் நௌரோஜி செய்தது அதைத்தான். இந்தியச் செல்வம் ஆண்டுதோறும் இங்கிலாந்துக்கு வடிவதை, பிரிட்டிஷ் அரசின் சொந்தப் புள்ளிவிவரங்களைக் கொண்டே அவர் எண்பித்தார். 1892-இல் பிரிட்டிஷ் மக்களவைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் நீதியுணர்வின் மீது நம்பிக்கை வைத்திருந்தவர். 1901-இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே, இந்தியாவில் நடப்பது பிரிட்டிஷ் தன்மையற்ற ஆட்சி என்று குத்திக்காட்டியவர். இந்த முரணை விளக்காமல் நௌரோஜியை ஒரு வரியில் 'செல்வச் சுரண்டல் கோட்பாட்டின் தந்தை' என்று எழுதவைத்தால் மாணவனுக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

2025 ஜூலையில் வெளியான எட்டாம் வகுப்புக்கான புதிய சமூக அறிவியல் நூலின் முதல் பகுதி, காலனி ஆட்சியின் சுரண்டலை முந்தைய நூல்களைவிடக் கடுமையான சொற்களில் பேசுகிறது. 1765 முதல் 1938 வரை வடிந்த செல்வத்தின் இன்றைய மதிப்பு 45 லட்சம் கோடி டாலர் என்ற பொருளாதார அறிஞர் உத்சா பட்நாயக்கின் மதிப்பீட்டையும் அது தருகிறது. அந்தத் தொகையை எப்படிக் கணக்கிட்டனர், எந்த வட்டி விகிதத்தை எடுத்துக்கொண்டனர், அதை மறுப்போர் எந்த இடத்தில் மறுக்கின்றனர் என்று வகுப்பில் ஒரு நாள் பேசினால் கணக்கும் வரலாறும் ஒருசேர விளங்கும். தொகையை மட்டும் மனப்பாடம் செய்தால், அது மற்றுமொரு ஒரு மதிப்பெண் வினா.

கத்தரிக்கப்பட்ட பக்கங்கள்

2007-ஆம் ஆண்டு நூலிலிருந்து இரு பாடங்கள் 2022-இல் பாடச்சுமைக் குறைப்பு என்ற பெயரில் நீக்கப்பட்டன. ஒன்று, காலனி நகரங்கள் பற்றியது. சென்னைக் கோட்டையும் வெள்ளையர் பட்டணமும் கறுப்பர் பட்டணமும் எப்படி உருவாயின என்பது அதில் இருந்தது. மற்றொன்று பிரிவினை, எல்லை கடந்து வந்தோரின் வாய்மொழி நினைவுகளையே ஆதாரமாகக் கொண்ட பாடம். ஏகாதிபத்தியத்தின் கடைசி அத்தியாயத்தைப் பாதிக்கப்பட்டோரின் குரலில் சொன்ன பகுதி அதுவே. பக்கச் சுமையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றாலும், கை வைக்கக் கூடாத இடம் அது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

எல்லா நீக்கமும் தில்லியின் முடிவால் மட்டும் நடந்ததல்ல. ஒன்பதாம் வகுப்பு நூலில் உடையின் சமூக வரலாறு என்றொரு பாடம் இருந்தது. திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை அது விவரித்தது. அதில் தங்கள் சமூகத்தின் வரலாறு இழிவாகவும் தவறாகவும் எழுதப்பட்டுள்ளதாகத் தமிழகத்திலிருந்து எழுந்த எதிர்ப்பு, சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. முதலில் தேர்விலிருந்து அப்பகுதி விலக்கப்பட்டது. 2019-இல் பாடமே போயிற்று. எதிர்த்தவர்களின் குறை உண்மையானது. பிறர் எழுதிய வரலாற்றில் தம்மைக் காணும் ஒரு சமூகத்தின் பார்வையும் ஒரு பார்வைதான். அதைச் சேர்த்துத் திருத்தி எழுதியிருக்கலாம். மன்னரும் மேல்சாதியினரும் மிஷனரிகளும் சென்னை ஆளுநரும் போராடிய பெண்களும் ஒரே களத்தில் நின்ற அத்தகைய நிகழ்வு, தமிழ் மாணவனுக்கு ஏகாதிபத்தியத்தின் சிக்கலை எந்த ஐரோப்பிய உதாரணத்தைவிடவும் தெளிவாக உணர்த்தியிருக்கும்.

முதலிடம் யாருக்கு?

அவையில் நடப்பது வேறு. பாடநூல் பற்றி உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை, 'எங்கள் மாநிலத்தின் கிளர்ச்சி ஏன் இல்லை?' என்பதாகவே இருக்கும். கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 நவம்பரில் அளித்த அறிக்கையும், பல மாநிலங்களின் அறியப்படாத விடுதலை வீரர்களுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. நியாயமான கோரிக்கை. அது 'யார் முதல்?' என்ற போட்டியாக மாறும்போதுதான் பிசகுகிறது.

ஒடிசாவின் பாய்க்கா கிளர்ச்சி இதற்கு உதாரணம். குர்தா மன்னருக்குப் படைப்பணி செய்து மானிய நிலம் பெற்றிருந்தவர்கள் பாய்க்கர்கள். 1803-இல் கம்பெனி ஒடிசாவைப் பிடித்ததும் மானியம் போயிற்று, உப்பு விலை ஏறியது. 1817-இல் பக்ஷி ஜகபந்து தலைமையில் எழுந்தனர். குமுசர் பகுதியின் கந்தா பழங்குடியினர் சேர்ந்துகொண்டனர். இதுவே முதல் சுதந்திரப் போர் எனப் பாடநூலில் இடம்பெறும் என்று 2017-இல் அப்போதைய மனிதவள மேம்பாட்டுத் துறை அமைச்சர் பிரகாஷ் ஜாவடேகர் அறிவித்தார். 2021 டிசம்பரில் மாநிலங்களவையில் பதிலளித்த கலாசாரத் துறை அமைச்சர் கிஷண் ரெட்டி, முதல் சுதந்திரப் போர் என வகைப்படுத்த இயலாது, ஆனால் எட்டாம் வகுப்பு நூலில் சேர்க்கப்படும் என்றார். 2025-இல் வந்த நூலின் முதல் பகுதியில் அது இல்லாததைக் கண்டு முன்னாள் முதல்வர் நவீன் பட்நாயக் கண்டனம் தெரிவிக்க, இரண்டாம் பகுதியில் வரும் என்று என்சிஇஆர்டி விளக்கமளித்தது.

நாமும் இதில் சளைத்தவர்கள் அல்லர். 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டைக் கிளர்ச்சியையும், அதற்கும் முந்தைய 1801 பாளையக்காரர் போரையும் முன்வைத்து முதலிடம் கோரும் குரல் தமிழகத்தில் நெடுநாளாக ஒலிக்கிறது. வேலூரின் புகழுக்குக் குறைவில்லை. இருநூற்றாண்டு நினைவுகளும் தபால்தலையும் வந்தாயிற்று. ஆனால், அதே சென்னை மாகாணப் படை 1857-இல் ஏன் பெரும்பாலும் அசையாமல் நின்றது? இந்தக் கேள்வியைத் தமிழ் மாணவனிடம் யாரும் கேட்பதில்லை. முதலிடப் போட்டியில் அதற்கு இடம் இல்லை.

தேர்வில் நிலைமை முழுக்க மோசம் என்று சொல்லிவிட முடியாது. சிபிஎஸ்இ பிளஸ் 2 வரலாற்றுத் தாளின் 80 மதிப்பெண்ணில் மூல ஆவணங்களைப் படித்து விடையளிக்கும் பகுதிக்கு 12 உண்டு. ஆயினும் அந்த ஆவணங்களுக்கும் ஆயத்த விடைகளுடன் வழிகாட்டி நூல்கள் சந்தைக்கு வந்துவிட்டன. இக்கட்டுரையாளர் தமிழகத்தில் படித்த காலத்தில் 1857-க்கு 'அரசியல், பொருளாதார, சமூக, ராணுவ, உடனடிக் காரணங்கள்' என ஐந்து தலைப்புகள் இருந்தன. தலைப்புக்கு அடிக்கோடு இட்டால் கூடுதல் மதிப்பெண் என்பது வகுப்பில் பரவிய நம்பிக்கை. அடிக்கோடு மட்டும் இன்றும் நினைவில் இருக்கிறது.

அப்போது யாரும் சொல்லித் தராத ஒன்று: அலாகாபாத், கான்பூர் பகுதிகளில் கிராமத்தாரையும் கைதிகளையும் கூட்டம் கூட்டமாகத் தூக்கிலிட்ட கர்னல் நீல், சென்னையிலிருந்து சென்ற ஐரோப்பியப் படைப்பிரிவின் தளபதி. அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937-இல் ராஜாஜி அமைச்சரவையின் காலத்தில் சிலை அகற்றப்பட்டது. பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

தில்லியிலும் அத்தகைய சிலை ஒன்று உண்டு. 1857 செப்டம்பர் 14-இல் காஷ்மீரி கேட் தாக்குதலுக்குத் தலைமையேற்றுக் குண்டடிபட்டு, ஒன்பது நாள்கள் கழித்து இறந்த ஜான் நிக்கல்சனின் சிலை. கிளர்ச்சியாளர்களை உயிரோடு தோலுரிக்கவும் எரிக்கவும் சட்டம் வேண்டும் என்று சக அதிகாரிக்குக் கடிதம் எழுதியவர் அவர். சுதந்திரத்துக்குப் பின் அந்தச் சிலை கப்பலேறியது. கல்லறை மட்டும் காஷ்மீரி கேட் மெட்ரோ நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. சிலை இன்று நிற்பது வட அயர்லாந்தின் டங்கானன் ஊரில், அவர் படித்த பள்ளியின் வளாகத்தில்.